பெரிய இருவீச்சு மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின் அதிர்வுக் குறைப்பு

பெரிய இருவீச்சு மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின் அதிர்வுக் குறைப்பு என்பது, மண் தடங்களில் ஓட்டுவதற்கென உருவாக்கப்பட்ட ஒற்றை உருளை மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின் தோற்றுவிக்கும் அதிர்வைத் தணிக்கும் வழிமுறைகளைக் குறிக்கும். டூ ஸ்ட்ரோக் எனப் பரவலாக அறியப்படும் இருவீச்சு எஞ்சின்களில், கொள்ளளவு 500 கன செ.மீ.ஐ நெருங்கும் வண்டிகளிலேயே இச்சிக்கல் மிகுதி. ஹோண்டா சிஆர்500ஆர் (491 கன செ.மீ., 2001 வரை), கவாசாகி கேஎக்ஸ்500 (499 கன செ.மீ., 2004 வரை) ஆகியன இவ்வகைக்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். இவற்றின் தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகியும் ஆர்வலர்கள் பேணி ஓட்டி வருகின்றனர்.

அதிர்வு வெறும் அசௌகரியம் அன்று. கிளட்சும் முன்பிரேக்கும் கைவிரல்களாலேயே இயக்கப்படுவதால், விரல் மரத்துப்போனால் வண்டி கட்டுப்பாட்டை இழக்கக்கூடும். நெடுங்கால அதிர்வு கை நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் பாதிக்கும். இதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் வெளியிட்ட நெறியாணை, பணியாளரின் கைகளுக்குக் கடத்தப்படும் அதிர்வு 8 மணி நேர வேலைநாளுக்கு 5 மீ/செ² அளவைத் தாண்டக்கூடாது என வரையறுத்தது. விளையாட்டாக ஓட்டுபவரை இந்த ஆணை கட்டுப்படுத்தாது. உடலுக்கு அவ்வேறுபாடு தெரியாது.

காரணம்

எரிபொருள் வெடிப்பதால்தான் எஞ்சின் அதிர்கிறது என்பது பரவலான எண்ணம். வெடிப்பின் அழுத்தம் உருளைத் தலையை மேலும் பிஸ்டனைக் கீழும் தள்ளுவதால், அதன் பெரும்பகுதி எஞ்சினுக்குள்ளேயே ஈடுசெய்யப்பட்டு விடுகிறது. சட்டகத்தை உலுக்குவது பெரும்பாலும் பிஸ்டனின் நிலைமமே. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் இருமுறை முற்றாக நின்று திசை திரும்ப வேண்டியுள்ளது.

இவ்விசையின் அளவு வியக்கத்தக்கது. பிஸ்டன், வளையங்கள், முளை, இணைப்புத் தண்டின் மேற்பகுதி ஆகியவற்றின் மொத்தப் பொருண்மை 600 கிராம் எனக் கொள்வோம். சிஆர்500ஆர் வண்டியின் வீச்சு நீளம் 79 மி.மீ.; ஆகவே கிராங்க் ஆரம் 39.5 மி.மீ. நிமிடத்திற்கு 6000 சுற்றுகளில் முதனிலை விசையின் உச்சம் ஏறத்தாழ 9,360 நியூட்டன், அதாவது 950 கிலோகிராம் எடைக்கு ஈடானது. அது நொடிக்கு 100 முறை மேலும் கீழுமாக மாறுகிறது. இணைப்புத் தண்டு சாய்வதால் இரட்டை அதிர்வெண்ணில் இரண்டாம் நிலை விசை ஒன்றும் தோன்றும். தண்டின் நீளம் ஆரத்தைப் போல் நான்கு மடங்காயின் அது முதனிலையில் கால் பங்கு இருக்கும்.

விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது கவனிக்கத்தக்கது. அதே வண்டியை 6000க்குப் பதில் 5000 சுற்றுகளில் ஓட்டினால் விசை சுமார் 30 விழுக்காடு குறையும். முன் பற்சக்கரத்தில் ஒரு பல்லைக் கூட்டி, அதே வேகத்தைக் குறைந்த சுற்றில் அடைவது மலிவான முதல் தீர்வாகக் கருதப்படுவது இதனாலேயே.

எதிரெடையின் எல்லை

கிராங்க் சக்கரங்களில் முளைக்கு எதிர்ப்புறம் கூடுதல் எடை வைப்பது பழைய முறை. எதிரெடையே இல்லையெனில் விசை முழுதும் உருளையின் அச்சில் செயற்படும். பிஸ்டன் தொகுதியை முழுதும் ஈடுசெய்யும் எதிரெடை வைத்தால், அச்சுத்திசையில் விசை நீங்கி, அதே அளவு விசை செங்குத்துத் திசையில் முளைக்கும். பாதி வைத்தால், பாதி அளவுள்ள விசை கிராங்கிற்கு எதிர்த்திசையில் சுழன்றுகொண்டே இருக்கும். ஆக, எதிரெடையால் அதிர்வின் உச்சத்தைப் பாதியாக்கலாம், திசையை மாற்றலாம், ஒழிக்க இயலாது. எத்தனை விழுக்காடு பொருத்தம் என்பது சட்டகத்தின் விறைப்பையும் எஞ்சின் சாய்வையும் பொறுத்தது. ஒரு சட்டகத்தில் இதமாக இருந்த எஞ்சின் வேறொன்றில் கைகளை உலுக்குவது உண்டு.

பாதி எதிரெடையால் எஞ்சும் அச்சுழல் விசையை, கிராங்கின் வேகத்திலேயே எதிர்த்திசையில் சுழலும் ஒரு சமன்தண்டு நீக்கிவிடும். இரண்டாம் நிலை விசை மட்டும் மிஞ்சும். எடையும் உராய்வும் கூடும் என்பதால் பந்தய இருவீச்சு வண்டிகளில் இது நெடுங்காலம் தவிர்க்கப்பட்டது. கேடிஎம் நிறுவனத்தின் 2017 மாதிரி 250, 300 கன செ.மீ. வண்டிகளில் சமன்தண்டு இடம்பெற்றது. பழைய 500களில் இதைப் பின்னர் பொருத்துவது எளிதன்று.

பழைய வண்டிகளில் செய்யத்தக்கவை

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அதிர்வு பிறவியிலேயே உள்ளதா, அண்மையில் கூடியதா என்பது. அண்மையில் கூடியதாயின் எதையும் புதிதாகப் பொருத்தும் முன் பழுதைத் தேட வேண்டும். எஞ்சினைச் சட்டகத்தோடு பிணைக்கும் மரையாணிகள், குறிப்பாக உருளைத் தலையைச் சட்டகத்தோடு இணைக்கும் மேல் தாங்குபட்டை, தளர்ந்திருப்பது மிகப் பொதுவான காரணம். எல்லா ஆணிகளையும் தளர்த்தி, எஞ்சின் இயல்பாக அமர்ந்தபின் கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கு இறுக்குதல் நன்று. தாங்குபட்டைகளின் பற்றவைப்பில் மயிரிழை வெடிப்பு உள்ளதா எனவும் பார்க்க வேண்டும்.

அடுத்தது கிராங்க். இருவீச்சு எஞ்சினில் கிராங்க் பெரும்பாலும் தனித்தனிப் பாகங்களாக அழுத்திச் சேர்க்கப்படுவதால், இறுக்கமான பிடிப்பிற்குப் பின் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொள்ளலாம். டயல் கேஜ் கொண்டு அளந்தால் தண்டின் ஓட்டப்பிழை மி.மீ.இன் நூறில் சில பங்குகளுக்குள் இருக்க வேண்டும். முதன்மைத் தாங்கிகளின் தேய்வையும் அப்போதே சோதிக்கலாம்.

பிஸ்டனை மாற்றியபின் அதிர்வு கூடியிருந்தால் பழையதையும் புதியதையும் நிறுத்துப் பார்க்கவும். மேற்கண்ட கணக்கின்படி 30 கிராம் வேறுபாடே 6000 சுற்றில் சுமார் 470 நியூட்டன் விசையைக் கூட்டும். இதைச் சரிசெய்ய, கிராங்கின் முளைப்பக்கம் துளையிட்டு எடை குறைப்பர். அல்லது எதிர்ப்பக்கம் டங்ஸ்டன் துண்டுகள் பதிப்பர். இருவீச்சு எஞ்சினில் கிராங்க் அறையே எரிபொருள் கலவையை அழுத்தி அனுப்பும் எக்கி என்பதால், துளைகளைத் திறந்தபடி விட்டால் அறையின் கன அளவு கூடி, அழுத்தம் குறையும். ஆகவே இலகுவான பொருளால் அவற்றை அடைத்தல் வழக்கம்.

எடைமிக்க சமனுருள் சக்கரம், அதாவது ஃபிளைவீல், அதிர்வைக் குறைக்கும் என விற்கப்படுகிறது. அது சுழற்சியின் ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்திக் குறைந்த வேகத்தில் எஞ்சின் அணைவதைத் தடுக்கும். பிஸ்டனின் நிலைம விசையைத் தொடவே தொடாது.

மிஞ்சும் அதிர்வு கைகளை அடையாமல் தடுப்பதே இறுதி வழி. கைப்பிடித் தண்டை இரப்பர் இடைப்பொருளுடன் பொருத்துதல், மென்மையான கைப்பிடி உறைகள் இடுதல், தண்டின் முனைகளில் எடை சேர்த்து அதன் இயல் அதிர்வெண்ணை எஞ்சின் வேகத்திலிருந்து விலக்குதல் ஆகியன வழக்கிலுள்ளன. கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் இரப்பர்க் குழாயையும் மறக்கலாகாது. அது இறுகி வெடித்திருந்தால் மிதவைக் கிண்ணத்தில் எரிபொருள் நுரைத்தும், வெடிப்பின் வழியே காற்று புகுந்தும் கலவை மெலியும். மெலிந்த கலவையில் முழுவேகத்தில் ஓடும் இருவீச்சு எஞ்சினின் பிஸ்டன் உருகவோ இறுகிப் பிடித்துக்கொள்ளவோ கூடும்.