சுண்ணாம்பு தடவாத பானை: புளிப்பு குறித்துச் சில குறிப்புகள்

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் படிக்கும் நண்பர் விடுமுறைக்கு வந்தபோது ஒரு புட்டி கொண்டுவந்தார். 'கோஸே' என்று பெயர் சொன்னார். கோதுமை சேர்த்துக் காய்ச்சிய பீர். உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டு, புளிக்கவிட்டு, ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் கிடத்தி வைத்தது. காரமடையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குடித்தோம். வாயில் வைத்ததும் தாடை கூசியது. முதலில் புளிப்பு, அதன் அடியில் உப்பு, கடைசியில் நனைந்த கட்டையின் வாசம். பீர் என்றால் இதுதான் என்று நான் பழகி வைத்திருந்த எதுவும் அதில் இல்லை. ஆனாலும் எங்கேயோ குடித்த மாதிரி இருந்தது.

உள்ளேயிருந்து வந்த அமுச்சி ஒரு வாய் வாங்கிப் பார்த்தாள். "இதென்ன கண்ணு, மூணு நாளைக்கி முந்திக் கரைச்ச கம்மங்கூழாட்ட இருக்குது. இதுக்கா பிளேன்ல போயி வாங்கியாந்தாங்க?"

அவள் நாக்கு சரியாகத்தான் சொன்னது. கம்பு மாவைக் கரைத்து இரவு முழுக்க வைத்தால் அதைப் புளிக்கவைப்பது லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள். கோஸேயின் புளிப்பும் அதே வகை உயிர்களின் வேலை. கூடவே ஈஸ்ட் புகுந்து இனிப்பைப் போதையாக்குகிறது என்பதுதான் வேறுபாடு. கூழுக்கும் கள்ளுக்கும் நடுவில் இருக்கும் தூரம் இவ்வளவுதான். இந்தச் சின்ன இடைவெளியில்தான் சட்டம், சாதி, ஒழுக்கம் குறித்த சொல்லாடல்கள் அத்தனையும் வந்து நிற்கின்றன.

தானியத்தைப் புளிக்கவைத்துக் குடிப்பது நமக்கு இறக்குமதிச் சரக்கு அல்ல. பெரும்பாணாற்றுப்படை வலைஞர் குடியிருப்பைச் சொல்லுமிடத்தில் அதன் செய்முறையே கிடைக்கிறது: குற்றாத அரிசியைக் கூழாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, முளையரைத்த மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, விரலால் அலைத்துப் பிழிவது. முளைகட்டிய தானியத்தால் மாவை இனிப்பாக்கிப் புளிக்கவைக்கும் இந்த வேலைக்கு இன்றைய பெயர் பீர் காய்ச்சுதல். பீப்பாய்க்கும் இணை உண்டு. நீண்ட மூங்கிலுக்குள் முதிரவிட்ட தேன் கள்ளைக் குன்றவாசிகள் குடிப்பதைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலரிடம் மண்ணில் புதைத்துப் பழுக்கவைத்த தேறல் வருகிறது. எம்.ஏ. வகுப்பில் இவற்றையெல்லாம் 'பண்டைத் தமிழர் வாழ்வியல்' என்ற தலைப்பில் மனப்பாடம் பண்ணினோம். அதே வகுப்பிலிருந்த ஒருவனுடைய அப்பா கள் இறக்கிய வழக்கில் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார். இரண்டையும் சேர்த்து வாசிக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

புளிப்பைக் குற்றமாக்கியது நாம் மட்டுமல்ல. 1516இல் பவேரியாவில் வந்த தூய்மைச் சட்டம் பீருக்குத் தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் பூ தவிர வேறெதுவும் கூடாதென்றது. 1906இல் அந்த விதி ஜெர்மானியப் பேரரசு முழுக்கப் பரவியது. உப்பும் கொத்தமல்லியும் போட்ட கோஸே வட்டார மரபு என்ற விதிவிலக்கில்தான் பிழைத்தது. 1876இல் பீர் பற்றி நூல் எழுதிய பாஸ்டர், புளித்துப்போவதை பீரின் 'நோய்' என்ற கணக்கில் வைத்தார். 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் எமில் ஹான்சன் ஒற்றை ஈஸ்டைத் தனியே பிரித்து வளர்த்தார். பல உயிர்கள் கலந்து செய்த வேலையை 'தூய' ஓருயிரிடம் ஒப்படைத்த பிறகுதான் எந்த ஊரிலும் ஒரே ருசியில் பீர் செய்ய முடிந்தது. தூய்மை என்பது இங்கே ஆலைக்குத் தேவைப்பட்ட ஒழுங்கு. 1966இல் லைப்சிக்கில் கோஸே காய்ச்சுவது நின்றுபோனது. 1986இல் ஒரு மதுவிடுதிக்காரர் முயன்று மீட்டெடுத்தார். இன்று அது உலகமெங்கும் ருசி தெரிந்தவர்களின் பானம்.

நம்மூரில் மீட்பு இப்படி நடக்கவில்லை. பாளையைச் சீவி வடியும் சாறு பானையில் விழும்போதே புளிக்கத் தொடங்குகிறது. பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு கட்டுப்படும், அது பதநீர். தடவாவிட்டால் கள். ஒரு விரல் சுண்ணாம்பில் சட்டத்தின் எல்லைக்கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. வெள்ளைக்காரன் 1886ஆம் ஆண்டு அப்காரிச் சட்டத்தால் கள்ளை வரியாக்கினான். 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது மாகாணம் முழுக்க வந்தது. 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மறுபடி தளர்ந்து, கடைசியாக 1987 முதல் கள் தடைசெய்யப்பட்டது. கலப்படம் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் ஆலைச் சரக்கை மொத்தமாக விற்க 1983இல் உருவான டாஸ்மாக், 2003இல் சில்லறை விற்பனையையும் கையிலெடுத்தது. கள் ஒரு நாளைக்கு மேல் தாங்காது, காடியாகிவிடும். அதைக் கிடங்கில் அடுக்க முடியாது. ஒவ்வொரு மரத்தடியும் ஒரு கடையாகக்கூடிய பொருளை அரசு தன் ஏகபோகமாக்குவது லேசில்லை. உடம்பின் பேரைச் சொல்லிக் கள்ளை விலக்கிய அரசு, அதைவிடப் பலமடங்கு போதையுள்ள பிராந்தியை விற்றது. இடையில் அகப்பட்ட ஏழைக்குக் கிடைத்தது என்ன? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. வாளையாறைத் தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடைகள் சட்டப்படி நடக்கின்றன. பொள்ளாச்சியை ஒட்டிய சித்தூர் வட்டத்துத் தோப்புகளில் இறங்கும் கள் அந்த மாநிலத்தின் பிற மாவட்டங்களுக்கும் போகிறது.

ஆகவே கள்ளைத் திற என்று முழங்கி இங்கே முடித்துவிடலாம். கொங்கில் அந்த முழக்கம் வலுவானது. தமிழ்நாடு கள் இயக்கம் 2009இல் கள் இறக்கும் போராட்டமே நடத்தியது. கள் உணவு, உணவு உரிமை என்கிற வாதத்தில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. ஆனால் 'நம்ம மரம், நம்ம கள்ளு' என்று மேடையில் சொல்லும்போது அந்த 'நம்ம' யார்?

என் சின்ன வயதில் எங்கள் தோட்டத்துத் தென்னைகளில் திருட்டுத்தனமாக முட்டி கட்டியிருந்தார்கள். என் அப்பாவுக்குத் தெரிந்துதான். ஒருநாள் விடியக்காலையில் போலீஸ் வந்தது. மரமேறியை இடுப்புக் கயிற்றோடு கூட்டிப்போனார்கள். மரம் எங்களுடையது, பணத்தில் பாதி எங்களுடையது, ஜெயில் மட்டும் அவருடையது. அப்பாவைக் காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டார்கள். அந்த மரமேறி வீட்டுப் பிள்ளை எங்கள் வகுப்பில்தான் படித்தாள், அடுத்த மாதம் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. தடை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. தடை நீங்கினாலும் அதன் பலன் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கப்போவதில்லை. மரம் யாருடையது, ஏறுவது யார், குத்தகை எடுப்பது யார், கூலி எவ்வளவு என்று பேசாத கள் அரசியல் நிலவுடைமையின் அரசியல்தான்.

இன்னொரு குரலும் இருக்கிறது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னே நின்றார்கள். அதையொட்டித் தன் தோப்பின் தென்னைகளை வெட்டிச் சாய்த்த பெரியார் பின்னாளில் மதுவிலக்குச் சட்டத்தையே விமர்சித்தார். இதை முரண்பாடு என்று தள்ளுவதைவிட, குடியை எதிர்ப்பதும் குடிப்பவனைச் சிறையில் போடுவதும் வேறு வேறு என்று வாசிக்கலாம்.

கோஸே தீர்ந்தபின் நான் கள்ளின் பெருமையை அமுச்சியிடம் விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சங்க இலக்கியம், நுண்ணுயிர், அரசு ஏகபோகம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"செரி கண்ணு. கூழுக்கு உப்புப் போட்டுக் கரைச்சு வெச்சது நானு. கள்ளுக் குடிச்சுப்போட்டு வந்து அந்தச் சட்டிய ஒதைச்சது உங்க அப்புச்சி. ரெண்டும் புளிப்புத்தான். அதையும் எழுதிக்கோ."

எழுதிவிட்டேன். தடை அவளைக் காப்பாற்றவில்லை; பிராந்திக்கடை வந்தபிறகு அப்புச்சி முன்னைவிட மோசமாகத்தான் குடித்தார். கள் திரும்ப வருவதும் அவளைக் காப்பாற்றுமென்று என்னால் சொல்ல முடியவில்லை. மரமேறி ஜெயிலுக்குப் போகக்கூடாது, சட்டியும் உடையக்கூடாது: இரண்டையும் சேர்த்துக் கேட்கிற அரசியல் நம்மிடம் இருக்கிறதா?