வாடகை வீடும் எழுதாத ஒப்பந்தமும்: ஒரகடம் பகுதிக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

ஒரகடத்தில் இரண்டு வருடம் குடியிருந்த ஒரு சகோதரர் அண்மையில் ஜும்ஆ முடிந்து நம்மிடம் வந்தார். வீட்டைக் காலி செய்து ஐந்து மாதமாகியும் அட்வான்ஸ் ஐம்பதாயிரம் திரும்பி வரவில்லை. "ஒப்பந்தம் எழுதினீர்களா?" என்று கேட்டோம். "நல்ல மனுஷன் ஹஜ்ரத், நம்பிக்கையில் கொடுத்தேன்" என்றார். அட்வான்ஸைக் கொடுத்தது ரொக்கமாக. ரசீது எதுவும் இல்லை.

இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், மாத்தூர், வல்லம் என்று தொழிற்சாலைகளை நம்பிக் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுதான். எனவே சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் நீண்ட காலம் நடப்பில் இருந்தது 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதை நீக்கிவிட்டு வந்ததுதான் தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைப்படுத்துதல் சட்டம், 2017. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய சட்டத்தில் நியாய வாடகையை நிர்ணயிக்கும்படி கேட்க வழி இருந்தது. புதிய சட்டம் வாடகையை இரு தரப்பாரின் ஒப்பந்தத்துக்கே விட்டுவிட்டது. இதை வாடகைதாரருக்கு முழு வெற்றி என்று சொல்ல மாட்டோம். ஆனால் எழுத்தில் இருப்பவருக்கு இது உண்மையான பாதுகாப்பைத் தருகிறது.

ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். அதை வாடகை ஆணையத்திடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரியே அந்த ஆணையம். இணையம் வழியாகவும் பதியலாம். "பதினொரு மாத அக்ரிமென்ட்தானே, பதிவு எதற்கு?" என்று புரோக்கர்கள் சொல்வது பழைய பழக்கம். சார்பதிவாளர் அலுவலகப் பதிவு வேறு, இந்தப் பதிவு வேறு. ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் இருப்பதையே காரணமாகக் காட்டி உரிமையாளர் வீட்டைத் திரும்பக் கேட்கலாம் என்பதையும் நம்மவர்கள் மறந்துவிடக் கூடாது.

முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது சட்டம். ஆனால் 'வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்ற சொற்களையும் சேர்த்துவிட்டது. நம் பார்வையில் இது பெரிய ஓட்டை. ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்பவர்கள் இதன் வழியாகத்தான் தப்பிக்கிறார்கள். மத்திய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்றே வரையறுத்தது. எவ்வளவு வாங்கியிருந்தாலும், வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

வாடகைக்கு ரசீது தருவது உரிமையாளரின் கடமை. தகராறு வந்தால் தண்ணீரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது போன்றவற்றுக்குச் சட்டத்தில் இடமில்லை. அப்படிச் செய்தால் வாடகை ஆணையத்திடம் முறையிடலாம். இடைக்கால உத்தரவு பெறவும் வழி உண்டு. வெளியேற்றும் உத்தரவை வாடகை நீதிமன்றம்தான் தர முடியும். ஆள் வைத்துச் சாமான்களைத் தெருவில் எறிய எவருக்கும் உரிமையில்லை.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. இச்சட்டம் நகர்ப்புறங்களுக்கானது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைகளுக்கும், அரசு தனியே அறிவிக்கும் இடங்களுக்கும்தான் பொருந்தும். ஒரகடம் போன்றவை கிராம ஊராட்சிகள். பார்வைக்கு நகரம், பதிவேட்டில் கிராமம்! எனவே உங்கள் ஊர் இதில் வருகிறதா என்று கோட்டாட்சியர் அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வராவிட்டாலும் வழியற்றுப் போய்விடவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, மாத வாடகைக்கு இருப்பவரைக் காலி செய்யச் சொல்ல, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, 15 நாள் அறிவிப்புத் தர வேண்டும். சட்ட முறைப்படியன்றி வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டவர், ஆறு மாதத்துக்குள் சிவில் நீதிமன்றத்தை அணுகி வீட்டை மீட்கக் கோரலாம்.

கட்டில் கணக்கில் விடும் லாட்ஜ், விடுதிகள் வாடகைச் சட்டத்தில் வருவதில்லை. பெண்கள் தங்கும் விடுதிகளுக்கு 2014ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. அவை மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றாக வேண்டும். மகளை வேலைக்கு அனுப்பும் பெற்றோர் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் தமிழக அரசு திறந்தது. அது தனி ஆட்களுக்கு உதவும். குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு வாடகை வீடுதான்.

வக்ஃபு வீடுகளுக்கும் கடைகளுக்கும் இந்த 2017 சட்டம் பொருந்தாது. அவற்றுக்கு வக்ஃபு குத்தகை விதிகள் தனியே உள்ளன. முத்தவல்லிகளும் அங்கே குடியிருப்போரும் இதைக் குழப்பிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறோம்.

மார்க்கத்தின் பக்கம் இரண்டு சொல்ல வேண்டும். இஜாராவில் காலமும் கூலியும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி அல்பகரா 282ஆம் வசனம் ஏவுகிறது. அப்படியிருக்க, எழுதக் கேட்பதை அவமரியாதையாக நினைப்பது நம்மிடம் எப்படி வந்தது? அடுத்தது போக்கியம். சில லட்சங்களைக் கொடுத்துவிட்டு வாடகையே இல்லாமல் குடியிருந்து, போகும்போது முழுத் தொகையையும் திரும்பப் பெறுவதை, கடனைக் கொண்டு பெறும் ஆதாயம் என்பதால் உலமாக்கள் பலர் கூடாது என்கிறார்கள். வீடு கிடைக்காத நெருக்கடியில் இதில் இறங்குவோர் உண்டு. "பாய்க்கு வீடு இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்பவரைத் தடுக்கும் பிரிவு எதுவும் இந்தச் சட்டத்தில் இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அந்தச் சகோதரரின் கைப்பேசியைப் புரட்டியதில், இருபத்து நான்கு மாத வாடகையும் ஜிபேயில் போன விவரம் இருந்தது. அட்வான்ஸைப் பற்றி உரிமையாளர் அனுப்பிய "அடுத்த மாதம் தருகிறேன்" என்ற வாட்ஸ்அப் குரல் செய்தியும் கிடைத்தது. அதை அழித்துவிடாமல் பத்திரப்படுத்தி, ஒரு வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.