திருநெல்வேலிப் பெயர் சுமந்த இலை

துறைமுகத்தை அண்டி வாழ்பவர்களுக்கு ஒரு சரக்கின் பெயரைக் கேட்டவுடன் அது எந்தக் கரையிலிருந்து வந்தது என்று எண்ணும் பழக்கம் உண்டு. கொட்டாஞ்சேனைக்காரர்களாகிய நமக்கு அது இன்னும் கூடுதல். 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் தொடங்கும்வரை சென்னையிலிருந்து வருபவர்கள் ரயிலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கே கப்பலேறித்தான் கொழும்பில் இறங்கினார்கள். தூத்துக்குடி வழியாக உலகம் சுற்றிய சரக்குகளில் ஒன்று நிலாவாரை இலை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் நாட்டின் வறண்ட பகுதிகளில் மஞ்சள் பூவோடு தானாக வளரும் ஆவாரை வேறு. சிங்களத்தில் ரணவரா என்று சொல்லித் தேத்தண்ணியாகக் குடிப்பது அதைத்தான். நிலாவாரை அதன் ஒன்றுவிட்ட தம்பி. இரண்டும் அவரைக் குடும்பத்துச் செடிகள். முன்பு காசியா என்ற பேரினத்தில் கிடந்தவற்றை 1982இல் இர்வின், பார்னபி என்ற இரு தாவரவியலாளர்கள் பிரித்தபோது, இரண்டும் சென்னா என்ற பேரினத்துக்கு ஒன்றாகவே போயின. ஆனால் குணம் வேறு. ரணவராவை நாள்தோறும் குடிப்பவர்கள் உண்டு. நிலாவாரையை அப்படிக் குடித்தால் வயிறு கேள்வி கேட்கும்.

இந்தச் செடி திருநெல்வேலிக்குச் சொந்தமானது அன்று. அரபு நாட்டிலும் ஆபிரிக்காவின் வடகிழக்கிலும் தானாக முளைப்பது. சென்னா என்ற பெயரே ‘ஸனா’ என்ற அரபுச் சொல். அரபு மருத்துவர்கள் கையாண்டு, யூனானி வழியே இந்தியாவுக்குள் நுழைந்தது. பின்னாளில் வடமொழியில் சுவர்ணபத்ரி என்றும் மார்க்கண்டிகா என்றும் பெயர் சூட்டிக்கொண்டார்கள். விளைந்த நிலத்தின் பெயரை விட்டு, ஏற்றிய துறையின் பெயரையே சந்தை இதற்கு ஒட்டியது. சூடானில் பறித்தது நைல் வழியே இறங்கி ‘அலெக்சாண்ட்ரியா சென்னா’ ஆயிற்று. திருநெல்வேலிச் சீமையில் விளைந்ததற்கோ ஊர்ப்பெயர் அமைந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஹியூஸ் என்ற ஆங்கிலேயர் இதைப் பயிராக்கியபின், ‘டின்னவெலி சென்னா’ ஐரோப்பிய மருந்துக் கடைகளில் தனித் தரமாக நின்றது.

அதற்குக் காரணம் கைவேலை. அலெக்சாண்ட்ரியா இலை நொறுங்கியும், ஆர்கெல் என்னும் வேறு செடியின் இலை கலந்தும் வருவதுண்டு. திருநெல்வேலி இலையோ கையால் உருவி, நிழலில் உலர்த்தி, அழுத்திப் பொதி கட்டியது. இலை முழுசாகவே வரும். ஒன்றின்மேல் ஒன்று அழுந்திய கோடுகள்கூட அதில் பதிந்திருக்கும். மருந்துச் சரக்கைச் சோதிக்கும் மாணவர்களுக்கு அந்தக் கோடே ஓர் அடையாளம்.

பயிர் செய்வது பெரிய வித்தையில்லை. தண்ணீர் தேங்கினால் மட்டும் செத்துவிடும். மேல்தோல் கடினமான விதையை ஊறவைத்து விதைக்கிறார்கள். இரண்டு மாதத்தில் முதல் பறிப்பு, பிறகு ஏறத்தாழ மாதத்துக்கு ஒன்று. நீர் பாய்ச்சினால் ஹெக்டேயருக்கு இரண்டு தொன் உலர் இலை, மழையை மட்டும் நம்பினால் ஒரு தொன் என்பது வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி கே.கே.எம். 1 என்ற இரகத்தையும் தந்திருக்கிறது. அவரைக் குடும்பம் என்றதும் வேரில் முடிச்சு வைத்து மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் என்று நினைப்போம். இந்தப் பேரினம் முடிச்சு வைப்பதில்லை. குடும்பப் பெயரை நம்பி உரத்தைக் குறைத்தவர் ஏமாறுவார்.

இந்த இலையைப் பேதி மருந்தாக்குவது எது என்று காட்டியவர் சுவிட்சர்லாந்தின் ஆர்தர் ஸ்டோல். 1941இல் அவர் குழு அதிலுள்ள சென்னோசைடுகள் என்ற வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்தது. இவை இரைப்பையிலும் சிறுகுடலிலும் மாறாமல் கடந்து, பெருங்குடலில் வாழும் பக்டீரியாக்களால்தான் வீரியம் பெறுகின்றன. அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு மணிநேரம் பிடிக்கும். இரவில் குடித்துவிட்டுப் படு, காலையில் பார் என்று பாட்டிமார் சொன்னதன் கணக்கு இதுதான். வயிற்றை முறுக்காமலிருக்க அவர்கள் இஞ்சியும் சேர்த்தார்கள். பேதி குடிக்கும் நாளில் பள்ளிக்கூடம் இல்லை என்ற ஒரே ஆறுதலோடு மூக்கைப் பிடித்து விழுங்கிய தலைமுறை என்னுடையது. இன்று உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்தச் சென்னா இருப்பதைக் காணும்போது, அந்தக் கசப்பை மன்னிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

கண்ணுக்கு நிறைவான நிலாவாரையின் மஞ்சள் பூ விவசாயிக்கு வேண்டாதது. பூக்கத் தொடங்கினால் இலை குறையும் என்று பூங்கொத்துகளைக் கிள்ளிவிடுகிறார்கள். காய்க்கு விட்ட செடிகளில் மட்டும் பூ நிற்கும். தட்டையான அந்தக் காயும் மருந்துதான். இலையைவிடச் சற்றுச் சாந்தமானது என்று வயிற்றுக்காரர்கள் சொல்வார்கள்.