எபிமெரல்: ஒரு நாள் ஆயுள்



'எபிமெரல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நம் பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். போர்ச்சுகீசிய மொழி படிக்கிறாளாம், அதிலும் இது வருகிறதாம். நிலையற்றது என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் வாத்தியாரிடம் கேட்டால் அவ்வளவில் விடுவாரா?

கிரேக்கத்தில் 'ஹெமெரா' என்றால் நாள். ஒரு நாள் மட்டும் இருப்பது 'எபிமெரோஸ்'. ஒரே நாளில் தணிந்துவிடும் காய்ச்சலுக்கும், ஒரு நாளே பறந்து மடியும் மேஃப்ளை பூச்சிக்கும் வழங்கிய சொல் இது. (மேஃப்ளை நம் ஈசல் அல்ல, விதி மட்டும் கிட்டத்தட்ட ஒன்று.) ஆங்கிலத்துக்கும் இந்தச் சொல் காய்ச்சல், பூச்சி வழியாகத்தான் வந்தது. புகழ், அழகு எல்லாம் பிறகு சேர்ந்தவை.

போர்ச்சுகீசியத்தில் 'எஃபேமெரு'. போர்ச்சுகலுக்கும் பிரேசிலுக்கும் எழுத்தின் மேலுள்ள குறி மட்டும் மாறும். எனக்குப் பிடித்தது அங்கே புழங்கும் இன்னொரு சொல், 'பசஜெய்ரு'. நிலையற்றது என்றும் பொருள், பயணி என்றும் பொருள்.

அதே கிரேக்க வேரில் பிறந்தது 'எஃபெமேரிடெ'. கோள்கள் எந்த நாளில் எங்கே நிற்கும் என்று சொல்லும் அட்டவணை, நம் பஞ்சாங்கம் மாதிரி. இன்று ஆண்டுதோறும் நினைவுகூரும் நாளுக்கும் அதே பெயர். ஒரு நாளில் மறைவதற்கும், வருஷா வருஷம் மறக்காமல் நினைப்பதற்கும் ஒரே வேர்!

இப்படி அட்டவணை போட்டவர்களில் ஒருவர் ஆப்ரகாம் சகூத்து, சலமாங்காவைச் சேர்ந்த யூதர். 1492இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியபோது போர்ச்சுகலுக்கு வந்து அரசவை வானியலராக ஆனார். அவருடைய அட்டவணைகள் 1496இல் லெய்ரியா நகரில் அச்சாயின. நூலின் பெயருக்கு 'நிரந்தரப் பஞ்சாங்கம்' என்று பொருள். நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து, நடுக்கடலில் கப்பல் எந்த அட்சரேகையில் நிற்கிறது என்று கணக்கிடப் போர்ச்சுகீசிய மாலுமிகளுக்கு இந்த அட்டவணைகள் உதவின. அதே 1496 டிசம்பரில் மன்னர் மனுவேல், யூதர்கள் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று ஆணையிட்டார். அடுத்த ஜூலையில் வாஸ்கோ ட காமா லிஸ்பனிலிருந்து புறப்பட்டு, 1498 மே மாதம் கோழிக்கோடு வந்து சேர்ந்தார்.

சகூத்து போர்ச்சுகலில் இருந்தது ஏறக்குறைய ஐந்தே ஆண்டுகள். பிறகு துனிஸ் போய்ச் சேர்ந்தார். அங்கே உட்கார்ந்து, தம் மக்களின் அறிஞர்களைத் தலைமுறை தலைமுறையாக வரிசைப்படுத்தி ஒரு வரலாற்று நூல் எழுதினார்.