வொன் என்னும் காசுப்பெயர்

கொரியாவின் பணப்பெயராகிய 'வொன்' ஜப்பானிய 'யென்' என்பதன் திரிபென்றும், 1910இல் நாட்டைக் கைக்கொண்ட ஜப்பானியரே அதைப் புகுத்தினரென்றும் நாணயம் சேர்ப்போரிடையே உலவும் கருத்து, காலமுறையைப் பாராது கூறப்படுவதாகும். வட்டத்தைக் குறிக்கும் ஒரே சீன எழுத்தே சீனத்தில் யுவான், ஜப்பானில் யென், கொரியாவில் வொன் என ஒலிப்பதால், மூன்றும் உடன்பிறப்புகளே அன்றி ஒன்று மற்றொன்றின் மகவன்று.

கொரியாவின் பழைய பெயர்களோ எடைப்பெயர்கள். 'யாங்' ஏறத்தாழ 37 கிராம் நிறை. அதன் பத்திலொன்று 'ஜொன்'. 1882இல் சீனக் குதிரைலாட வெள்ளிக்கட்டிகளை உருக்கி வார்த்து, நடுவில் வண்ண எனாமல் பூசி, கருவூலத் துறையைச் சுட்டும் 'ஹோ' என்ற எழுத்தைப் பொறித்து வெளியிட்ட தேதோங் காசுகள் ஒன்று, இரண்டு, மூன்று ஜொன் என்றே பெயர் பெற்றன; செல்வர் பதுக்கியதால் அவை விரைவில் புழக்கம் இழந்து, இன்று சேர்ப்போர் தேடும் அரும்பொருளாயின.

மறுக்க முடியாத சான்று அடுத்து வருகிறது. 1883இல் நிறுவப்பட்ட அரச அக்கசாலையின் பெயர் 'ஜொன்ஹ்வான்குக்'. அதிலுள்ள 'ஹ்வான்' வட்டத்தைக் குறிக்கும் மற்றோர் எழுத்து. 'வொன்' என்றும் படிக்கப்படுவது. 'ஹன்ஷு' என்னும் சீன வரலாற்று நூல் சௌ அரசின் நாணய முறைக்கு இட்ட பெயரிலேயே இடம்பெறுவது. 1888இன் வெள்ளிக்காசும் அவ்வெழுத்தையே தாங்கி, ஜோசொன் அரசு தோன்றிய 1392ஐ முதலாண்டாகக் கொண்டு 497 என ஆண்டு குறிக்கிறது. பட்டியல்களில் 'வார்ன்', 'ஹ்வான்' எனச் சிதறிக் கிடப்பவை இவ்வோர் எழுத்தின் படிப்புகளே.

1892இன் ஐந்து யாங் வெள்ளிக்காசு ஏறத்தாழ 27 கிராமே நிறுக்கிறது. பெயரின்படி 180 கிராமைக் கடந்திருக்க வேண்டும். எடைப்பெயர் பொருளிழந்த இடத்தில் வடிவப்பெயர் குடியேறியது இயல்பே. ஒலியொப்புமை மயக்குவதற்கு வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு: கீழ்த்திசைச் சில்லறைக் காசை ஆங்கிலேயர் 'கேஷ்' என்றது நம் 'காசு' போர்த்துக்கீசியர் வாய்வழிச் சென்றதால். ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' பெட்டியைச் சுட்டும் வேறு சொல். ஒலியொப்புமையால் மூலம் காண்போர் இவ்விரண்டையும் கலப்பதைப் போலவே வொன்னையும் யென்னுக்குள் அடக்குகின்றனர்.

ஆகவே வொன் கொரிய அரசு தானே தேர்ந்த வட்டக்காசின் பெயர். அதை யென்னின் நிழலாக்கும் கூற்று ஏற்கத் தக்கதன்று.