வானத்தில் ஒரு புள்ளி

மந்தைவெளியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் ராத்திரி நின்றால் ஒரு வரிசை தெரியும். கடல் பக்கமிருந்து சாந்தோம் வாக்கில் ஒரு வெளிச்சம், அதன் பின்னால் இன்னொன்று, ரொம்ப தூரத்தில் மூன்றாவது. எல்லாம் ஒரே கோட்டில் இறங்கி, கோட்டூர்புரம், கிண்டி தாண்டி மீனம்பாக்கத்தில் தரை தொடும். ஒருநாள் அக்கா பையன் கேட்டான்: "மாமா, மேல ரோடே இல்லையே. எங்க, எப்ப இறங்கணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அங்கங்க புள்ளி வெச்சிருக்காங்கடா."

"யாரு வெச்சா?"

ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. அந்தப் பதில் 200 வருஷம் பின்னால், இதே ஊரில் போய் நிற்கிறது.

மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பி இறங்கும் விமானத்துக்கு முன்கூட்டியே ஒரு பாதை வகுத்திருப்பார்கள். அதில் வரிசையாக 'ஃபிக்ஸ்' எனப்படும் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை. பலவற்றுக்குக் கூடவே ஓர் உயர எல்லையும் உண்டு. சார்ட்டில் எண்ணுக்கு அடியில் கோடு இருந்தால் 'இதற்குக் கீழே போகாதே'. தலைக்கு மேல் கோடு இருந்தால் 'இதற்கு மேலே போகாதே'. இரண்டு கோடும் இருந்தால் சரியாக அதே உயரம். மாடிப்படி மாதிரிதான்: இந்தப் புள்ளியைத் தாண்டாமல் அடுத்த படியில் கால் வைக்கக் கூடாது. இவையெல்லாம் விமானத்தின் டேட்டாபேஸில் இருக்கும். 28 நாளைக்கு ஒருமுறை அதைப் புதுப்பிப்பார்கள்.

வழக்கமான 3 டிகிரி சரிவில் கணக்குப் போட்டால், ஓடுபாதையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி, சாந்தோம் வாக்கில் வரும்போது விமானம் ஏறக்குறைய 1,700 அடியில் இருக்க வேண்டும். பாதை முடிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே பரங்கிமலை, சுமார் 300 அடி உயரம். நம் கதை அந்த மலையடியில்தான் தொடங்குகிறது.

1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சங்கிலி போட்டு அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைல் நீள அடிக்கோடு. மொத்த இந்தியாவையும் முக்கோணங்களால் அளந்து முடித்த மாபெரும் முக்கோணவியல் அளவை அங்கிருந்துதான் கிளம்பியது. ஆனால் கோடு மட்டும் போதாது. அந்தக் கோடு பூமிப்பந்தில் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு புள்ளி வேண்டும். அதற்கு நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த மெட்ராஸ் வானாய்வகம் இருந்தது. அதன் கருங்கல் தூண் இன்றும் கல்லூரிச் சாலை வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. கிரீன்விச்சிலிருந்து அந்த இடம் எவ்வளவு கிழக்கே என்பதை வியாழனின் நிலவுகள் மறைகிற நேரத்தையெல்லாம் கவனித்துக் கணக்கிட்டார்கள். 1807-இல் ஜான் வாரன் தந்த விடை 80 டிகிரி 17 நிமிடம் 21 விநாடி. இந்திய வரைபடங்களின் தீர்க்கரேகைகள் அந்த எண்ணைத்தான் நம்பின.

எண் தப்பு.

பல பத்தாண்டுகள் கழித்து, தந்தி வழியாகக் கடிகாரங்களை ஒப்பிட முடிந்த பிறகு, சுமார் இரண்டரை நிமிடப் பிழை வெளிப்பட்டது. கடிகார நேரத்தில் அது 10 விநாடிகூட இல்லை. தரையில் நாலு கிலோமீட்டருக்கு மேல். அதாவது நுங்கம்பாக்கத்துத் தூணை நம் முன்னோர் காகிதத்தில் மெரினா அலையோரமாக நட்டு வைத்திருந்தார்கள். ஆனால் ஊர் மொத்தமும் சேர்ந்து நகர்ந்ததால் யாருக்கும் பாதகமில்லை. மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் நடுவே உள்ள தூரம் மாறவில்லை. வரைபடத்தின் ஓரத்தில் 'இவ்வளவு கழித்துக்கொள்க' என்று குறிப்புப் போட்டு ஓட்டினார்கள்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் பையன் அடுத்ததைப் போட்டான்: "தப்பா வெச்சிருந்தா?"

எல்லாரும் ஒரே தப்பைச் செய்தால் பிழைத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் ஒரே புள்ளியை இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளும்போதுதான் ஆள் சாகிறார்கள்.

1974 டிசம்பர் 1. வாஷிங்டன் அருகே டல்லஸ் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது டிடபிள்யூஏ 514. 'அப்ரோச்சுக்கு அனுமதி' என்றார் கட்டுப்பாட்டாளர். ரவுண்ட் ஹில் என்ற புள்ளிக்கு முன்னால் 3,400 அடி, தாண்டிய பிறகு 1,800 அடி. 3,400 என்ற எண் விமானிகள் கண்ணில் பட்டது, அதைப் பற்றிப் பேசவும் செய்தார்கள். ஆனால் அனுமதி கிடைத்துவிட்டதால் இப்போதே 1,800-க்கு இறங்கலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். உயரத்தைத் தானே பார்த்துக்கொள்வார்கள் என்று கட்டுப்பாட்டாளர் நினைத்தார். உயரம் பாதுகாப்பானது என்பதால்தான் அனுமதி தந்தார் என்று இவர்கள் நினைத்தார்கள். நடுவில் மவுண்ட் வெதர் இருந்தது. 92 பேரும் இறந்தார்கள்.

மூன்றே நாள் கழித்து, டிசம்பர் 4. இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளோடு கொழும்புக்கு வந்த மார்ட்டினேர் டிசி-8, மஸ்கெலியா பக்கம், தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே நிற்கும் சப்த கன்னியர் மலையில் மோதியது. 191 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்துப் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தார்கள். அவர்கள் மனசில் இருந்த புள்ளிக்கு அந்த உயரம் சரி. விமானம் இருந்த புள்ளிக்குத்தான் சரியில்லை.

என் தொழிலுக்கு நெருக்கமானது மூன்றாவது. 1995 டிசம்பர் 20, கொலம்பியாவின் காலி நகரம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965-இன் விமானிகள் ரோசோ என்ற புள்ளிக்குப் போக வேண்டும். சார்ட்டில் அதற்கு 'ஆர்' என்ற அடையாளம். கணினியில் 'ஆர்' தட்டினார்கள். பட்டியலில் முதலில் வந்தது பொகோட்டா அருகே உள்ள ரோமியோ. அதைத் தேர்ந்ததும் விமானம் சமர்த்தாக மலைப் பக்கம் திரும்பியது. டேட்டாபேஸில் ரோசோ வேண்டுமென்றால் முழுப்பெயரைத் தட்ட வேண்டும். 159 பேர் இறந்தார்கள், நான்கு பேர் பிழைத்தார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமில்லை. முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் முகவரி தேடும் பட்டியலை எழுதியது நான்தான். 'பாரதி' என்று தட்டினால் எந்தப் பாரதி தெரு முதலில் வர வேண்டும் என்று யோசிக்காமல், டேட்டாபேஸ் கொடுத்த வரிசையிலேயே விட்டிருந்தேன். மேற்கு மாம்பலத்துப் பெரியவர் ஒருவருடைய மாத்திரைகள் ஊரின் மறுகோடிக்குப் போய், மறுநாள் காலையில் திரும்பி வந்தன. "யூசர் சரியா பாத்திருக்கணும்" என்று மீட்டிங்கில் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை.

1998 ஜனவரி 1 முதல் உலக விமானப் போக்குவரத்து முழுவதும் டபிள்யூஜிஎஸ்-84 என்ற ஒரே அளவுச் சட்டத்தில் புள்ளிகளைத் தர வேண்டும் என்று ஐசிஏஓ நடைமுறைப்படுத்தியது. இந்தியாவின் பழைய எவரெஸ்ட் சட்டப்படி எழுதிய எண்களை அப்படியே ஜிபிஎஸ்ஸில் போட்டால், சென்னையில் நூறு மீட்டருக்கு மேல் விலகும். வரைபட ஓரக் குறிப்பெல்லாம் அங்கே உதவாது. மலை நெருங்கினால் கத்தி எச்சரிக்கும் கருவிகளும் இப்போது நிலப்பரப்பின் டேட்டாபேஸ் ஒன்றைச் சுமந்துதான் பறக்கின்றன. கடைசிக் காவலும் ஒரு புள்ளிப் பட்டியல்தான்.

"தப்பா வெச்சிருந்தா?" என்று அவன் மறுபடி கேட்டான். தலைக்கு மேல் ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு போனது.

"அதான் ரெண்டு பேர் உக்காந்திருப்பாங்க. ஒருத்தர் தட்டினதை இன்னொருத்தர் படிச்சுப் பாக்கணும்."

"நீயும் அப்படித்தான் பண்ணுவியா மாமா?"

"இப்ப பண்றேன்" என்றேன்.