டைவ்மாஸ்டர் பயிற்சி

டைவ்மாஸ்டர் பயிற்சி என்பது, பொழுதுபோக்கு முக்குளிப்பில் தேர்ந்த ஒருவரை, பிறரைக் கடலுக்கடியில் வழிநடத்தும் தகுதிக்கு உயர்த்தும் பயிற்சியாகும். ஸ்கூபா எனப்படும், மூச்சுக்கருவி அணிந்து செய்யும் முக்குளிப்பில் இதுவே தொழில்முறையின் முதற்படி. 1966 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பேடி அமைப்பு வழங்கும் சான்றிதழ் பரவலாக அறியப்பட்டது. எஸ்.எஸ்.ஐ., நாவி முதலிய அமைப்புகளும் இதற்கு இணையான பயிற்சிகளை நடத்துகின்றன. ஐ.எஸ்.ஓ. 24801-3 என்னும் பன்னாட்டுத் தரம் 'முக்குளிப்புத் தலைவர்' என வரையறுப்பதும் ஏறத்தாழ இந்நிலையையே. டைவ்மாஸ்டர் ஓர் ஆசிரியர் அல்லர். ஏற்கனவே சான்றிதழ் பெற்றவர்களை அழைத்துச் செல்வதும், பயிற்றுநருக்கு உதவுவதுமே அவரது முதன்மைப் பணிகள்.

இக்கட்டுரை பேடி முறையையும், அது பெருமளவில் நடைபெறும் தாய்லாந்தின் கோ தாவ் தீவையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

கோ தாவ்

கோ தாவ், தாய்லாந்து வளைகுடாவில் சூரத் தானி மாகாணத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ 21 சதுர கி.மீ. பரப்புள்ள சிறு தீவு. தாய் மொழியில் 'கோ' என்பது தீவையும் 'தாவ்' என்பது ஆமையையும் குறிக்கும். வெதுவெதுப்பான நீர், கரைக்கு அருகிலேயே அமைந்த பவளப்பாறைகள், குறைந்த கட்டணம் ஆகியவற்றால் உலகில் மிகுதியானோர் முக்குளிப்புக் கற்கும் இடங்களுள் ஒன்றாக இது விளங்குகிறது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிப்பாக இருக்கும்.

தகுதிகள்

பயிற்சி பெறுபவர் 18 வயது நிரம்பியவராகவும், மீட்பு முக்குளிப்புச் சான்றிதழ் பெற்றவராகவும் இருத்தல் வேண்டும். தொடங்கும்போது 40 முக்குளிப்புகளும், முடிக்கும்போது 60 முக்குளிப்புகளும் பதிவேட்டில் இருக்க வேண்டும். முதலுதவிப் பயிற்சியும் மருத்துவரின் ஒப்புதலும் கட்டாயம். நிற்காமல் 400 மீட்டர் நீந்துதல், 15 நிமிடம் மிதத்தல் (கடைசி 2 நிமிடம் கைகள் நீருக்கு மேல்), கைகளைப் பயன்படுத்தாமல் துடுப்புக் காலணியால் மட்டும் 800 மீட்டர் கடத்தல், களைத்த ஒருவரை 100 மீட்டர் இழுத்து வருதல் ஆகிய தேர்வுகளும் உண்டு. இவற்றில் மிதத்தல் தவிர மற்றவற்றுக்கு நேரத்தைப் பொறுத்து மதிப்பெண் தரப்படுகிறது.

ஒரு நாளின் பணி

விருந்தினர் எழுமுன் பயிற்சியாளரின் நாள் தொடங்கிவிடும். ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானி வைத்து ஏறத்தாழ 200 பார் உள்ளதா எனப் பார்க்கிறார். ஆக்சிசன் செறிவூட்டிய காற்று நிரப்பப்பட்டிருந்தால் அதன் விழுக்காட்டை அளந்து எழுதுகிறார். படகில் முதலுதவிப் பெட்டியும் ஆக்சிசன் கலனும் ஏற்றப்பட்டனவா என்பதைச் சரிபார்ப்பதும் அவர் பொறுப்பே. இவற்றில் எதுவும் சான்றிதழ்ப் புகைப்படத்தில் தெரிவதில்லை. ஆயினும் தொழிலின் பெரும்பகுதி இதுதான்.

படகு, எடுத்துக்காட்டாக ஒயிட் ராக் என்னும் இடத்தை அடைந்ததும், பயிற்சியாளர் நீரோட்டத்தின் திசையைக் கணிக்கிறார். பின்னர் குழுவினருக்கு விளக்கவுரை தருகிறார். அதில் ஆழம், பாதை, கை சைகைகள், துணையைத் தவறவிட்டால் செய்ய வேண்டியவை ஆகியவற்றுடன் ஊர் சார்ந்த எச்சரிக்கைகளும் இடம்பெறும். டைட்டன் டிரிக்கர் எனப்படும் பெரிய கிளாத்தி மீன் கூடு காக்கும் காலத்தில் முக்குளிப்போரைக் கடிக்க வரும். அது காக்கும் எல்லை, கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு வடிவமானது. ஆகவே மேலே தப்ப முயலாமல் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும்.

நண்பகலுக்குப் பின் கோட்பாட்டு வகுப்பு, நீச்சற்குளப் பயிற்சி, ஏதேனும் ஒரு முக்குளிப்புத் தளத்துக்கு வரைபடம் தயாரித்தல் ஆகியன நடைபெறும். நெருக்கடித் திட்டத்தில், மிக அருகிலுள்ள மறு அழுத்த அறை எங்குள்ளது, அங்கு செல்லும் வழி எது என்பவற்றைப் பயிற்சியாளரே விசாரித்து எழுத வேண்டும்.

காற்றுக் கணக்கு

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் கூடுகிறது. 18 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் 2.8 பார். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றை உள்ளிழுப்பவர், அங்கு 56 லிட்டர் செலவிடுவார். 11 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 பார் இருந்து, 50 பார் கையிருப்பாக ஒதுக்கப்பட்டால், மீதமுள்ளது 11 × 150 = 1650 லிட்டர். இது சுமார் 29 நிமிடங்களுக்குப் போதும். பதற்றத்தில் 25 லிட்டர் இழுக்கும் புதியவருக்கு அதே சிலிண்டர் 23 நிமிடமே வரும். அமைதியாக 14 லிட்டர் இழுக்கும் வழிகாட்டிக்கோ 42 நிமிடம் வரும்.

இங்குதான் பயிற்சியின் சாரம் உள்ளது. வழிகாட்டியின் அழுத்தமானி குழுவின் நிலையைக் காட்டாது. குழுவில் மிக விரைவாகக் காற்றைச் செலவிடுபவரே திரும்பும் நேரத்தைத் தீர்மானிக்கிறார். அவர் யார் என்பதை முதல் பத்து நிமிடங்களில் கண்டறிதல் வேண்டும். வேகமாக எழும் குமிழிகள், கைகளால் துழாவுதல், அகன்ற விழிகள் ஆகியன அதற்கான அறிகுறிகள். அதுவரை மீன்களைப் பார்க்கக் கற்ற ஒருவர், இப்போது மீன்களைப் பார்ப்பவர்களைப் பார்க்கக் கற்கிறார்.

தலை எண்ணிக்கை

1998 சனவரி 25 அன்று ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் முக்குளித்த அமெரிக்கத் தம்பதியர் இருவரைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. அவர்களது பொருட்கள் படகிலேயே கிடந்தும், அவர்கள் இல்லாதது இரண்டு நாட்களுக்குப் பின்னரே உணரப்பட்டது. உடல்கள் கிடைக்கவில்லை. இந்நிகழ்வுக்குப் பின் குயின்ஸ்லாந்தில் ஆள் எண்ணும் விதிகள் கடுமையாக்கப்பட்டன.

வெறும் எண்ணிக்கை எளிதில் பிழைபடும். ஒருவர் படகேறி மீண்டும் நீரில் குதித்தால் இருமுறை எண்ணப்படலாம். ஆகவே பெயர்ப்பட்டியலை வைத்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, நேரில் பார்த்தபின்பே குறியிடுமாறு பயிற்றுவிக்கப்படுகிறது. வேறொருவர், "அவர் கழிப்பறையில் இருக்கிறார்" என்று சொல்வது போதாது.

கருவி மாற்றம்

பயிற்சியாளர்கள் மிகவும் அஞ்சும் தேர்வு இது. இருவர் நீருக்கடியில் ஒரே மூச்சுக்குழலை மாறி மாறிப் பயன்படுத்தியவாறு, முகமூடி, துடுப்புக் காலணி, சிலிண்டர் பூட்டிய மேலங்கி ஆகியவற்றைத் தமக்குள் மாற்றி அணிய வேண்டும். நடைமுறையில் இப்படியொரு தேவை எவருக்கும் வாராது. மூச்சு கைவசம் இல்லாத நொடிகளில் சிந்தனை குலையாதிருக்கிறதா என்பதையே இது சோதிக்கிறது.

ஊதியமற்ற உழைப்பு

பல மையங்கள், சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நீளும் பயிற்சியை, வரம்பற்ற முக்குளிப்புடன் சேர்த்து விற்கின்றன. பயிற்சியாளர் கட்டணம் செலுத்திச் சிலிண்டர் சுமக்கிறார் என்பது இம்முறை மீதான நெடுநாள் விமர்சனம். அனுபவம் வேறு வழியில் கிட்டாது என்னும் மறுமொழியில் உண்மை உண்டு. எனினும் ஊதியம் பெறும் பணியாளர் ஒருவரின் இடத்தைப் பயிற்சியாளர் நிரப்பும்போது அம்மறுமொழி வலுவிழக்கிறது. மேலும், தாய்லாந்தில் வெளிநாட்டவர் பணிபுரிய வேலை அனுமதி தேவை. சான்றிதழ் மட்டும் அதைப் பெற்றுத் தராது.

பயிற்சியின் முடிவில் சில இடங்களில் 'ஸ்னார்க்கல் தேர்வு' என்ற பெயரில், மூச்சுக்குழாய் வழியே மதுவை ஊற்றிக் குடிக்க வைக்கும் வழக்கம் உள்ளது. இது பயிற்சித் திட்டத்தின் பகுதி அன்று. இதில் பங்கேற்க மறுப்பதால் சான்றிதழ் பாதிக்கப்படுவதில்லை.